பிக்-அப் வண்டி வாங்கப் போறீங்களா? பழகின பிராண்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியது என்னென்ன? முழு விவரம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை பக்கம் காலை நேரத்தில் போனால் வரிசையாக நிற்பது லோடு வண்டிகள்தான். ஒரு கம்பெனி வாசலில் இரும்பு ஷீட் இறங்கும். அடுத்த வாசலில் அட்டைப் பெட்டி ஏறும். கொஞ்சம் தள்ளி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டைகள் வரும். இதில் பெரும்பாலான வேலையைச் செய்வது 1 முதல் 2 டன் வரை ஏற்றும் டீசல் பிக்-அப் வண்டிகள்.

இந்த வண்டியை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை ஒரே கேள்வி வரும். "இத்தனை வருஷம் ஒரே கம்பெனி வண்டிதான் ஓட்டினோம். இந்த முறை வேற பிராண்டுக்குப் போனா செட் ஆகுமா?"

ஷோரூம் போனால் எல்லோரும் தங்கள் வண்டிதான் பெஸ்ட் என்பார்கள். டிரைவர் ஒன்று சொல்வார், மெக்கானிக் வேறொன்று சொல்வார். 8 லட்சம் ரூபாய் கடனை 10% வட்டியில் 5 வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய் வரும். வண்டி பட்டறையில் நின்றாலும் டியூ நிற்காது. அதனால் முடிவை ஆசையில் எடுக்காமல் கணக்குப் போட்டு எடுப்பது நல்லது. என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமெரிக்க பிக்-அப் வேறு, நம்ம ஊர் பிக்-அப் வேறு

யூடியூபில் பிக்-அப் வீடியோ பார்ப்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெவி டியூட்டி பிக்-அப் வாங்குவதே பெரும்பாலும் பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கத்தான். ஃபோர்டு சூப்பர் டியூட்டி, கம்மின்ஸ் இன்ஜின் வரும் ராம், டியூராமேக்ஸ் இன்ஜின் வரும் செவ்ரோலே என மூன்று அணிகள் அங்கே உண்டு. ஒரு அணியில் இருப்பவர் அடுத்த அணிக்கு மாறுவது அங்கே பெரிய விவாதம். ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் இன்ஜினின் உயர்ரக வடிவம் 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க் தரும். 9 டன்னுக்கு மேல் இழுக்கும் மாடல்கள் அங்கே சாதாரணம்.

நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே சரக்கு வண்டியின் தொட்டியிலேயே ஏறுகிறது. இழுக்கும் வேலையை டிராக்டரும் பெரிய லாரியும் பார்த்துக்கொள்கின்றன. வேலைக்கு ஓடும் நம் பிக்-அப்களின் டார்க் பொதுவாக 250 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: நம்ம லோடை, நம்ம ரூட்டில், எந்த வண்டி நிற்காமல் இழுக்கும்?

களத்தில் இருப்பவை எவை?

2005-ல் டாடா ஏஸ் வந்ததும்தான் சின்ன லோடு வண்டிச் சந்தையே மாறியது. தமிழில் அதற்கு 'குட்டி யானை' என்று பெயரே வந்துவிட்டது. அதற்கு மேல் எடை ஏற்ற வேண்டும் என்றால் இன்று முக்கியமாகப் பார்க்கப்படுபவை இவை:

* மஹிந்திரா பொலேரோ பிக்-அப், பொலேரோ மேக்ஸ் பிக்-அப்: 2 டன் வரை ஏற்றும் மாடல்கள் இதில் உண்டு.
* டாடா யோதா, இன்ட்ரா: 2022-ல் வந்த யோதா 2.0, 2 டன் ஏற்றும். இன்ட்ரா வி50, 1.5 டன் ஏற்றும்.
* அசோக் லேலண்ட் தோஸ்த், படா தோஸ்த்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். நிசானுடன் சேர்ந்து 2011-ல் தோஸ்த்தை இறக்கியது. பிறகு நிசானின் பங்கை வாங்கித் தனியாகத் தொடர்ந்தது. படா தோஸ்த் 2020-ல் வந்தது.
* இசுஸு டி-மேக்ஸ்: ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது.

இந்தப் பட்டியலில் எது நல்லது, எது கெட்டது என்று ஒரே பதில் கிடையாது. நகரத்துக்குள் பத்து இடத்தில் நின்று பெட்டி இறக்குபவருக்கும், தினமும் சென்னைக்கு இரும்பு ஏற்றுபவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

முதல் கணக்கு: உங்கள் லோடு உண்மையில் எவ்வளவு?

பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். 'எவ்வளவு இழுக்கும்?' என்று கேட்பார்கள். 'எவ்வளவு ஏற்ற அனுமதி?' என்று கேட்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. ஆர்சி புத்தகத்தில் லோடோடு சேர்ந்த மொத்த எடை இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை. வெறும் சேஸி வாங்கி வெளியே கனமான இரும்பு பாடி கட்டினால், அந்த பாடியின் எடையும் இதில்தான் கழியும். 1,500 கிலோ என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கி, 200 கிலோ கூடுதலாக பாடி கட்டினால் மிச்சம் 1,300 கிலோதான்.

மீறினால் என்ன ஆகும்? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். 1.5 டன் வண்டியில் 2.5 டன் ஏற்றிப் பிடிபட்டால் 22,000 ரூபாய் போகும். அதிகப்படி லோடை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"என் பழைய வண்டி 2 டன் அசால்ட்டா இழுத்துச்சு, இது திணறுது" என்று பிராண்டைக் குறை சொல்பவர்களில் பலர், பழைய வண்டியிலும் அனுமதிக்கு மேல்தான் ஏற்றியிருப்பார்கள். கமான் பட்டையும், பிரேக்கும், டயரும் அதற்கான விலையை மெதுவாகக் கொடுத்திருக்கும். தினசரி லோடு 1.8 டன் என்றால், 1.5 டன் வண்டியை எந்த பிராண்டில் வாங்கினாலும் அது தவறான வண்டிதான்.

3,000 கிலோ என்ற கோடு

புதுச்சேரிக்காரர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய விஷயம் இது. லோடோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு விலக்கு தருகிறது.

தட்டாஞ்சாவடியில் இருந்து எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் அடுத்த மாநிலம். சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காரைக்காலும் புதுச்சேரிதான், ஆனால் தமிழ்நாடு வழியாகத்தான் போக முடியும். அதனால் பர்மிட் விஷயம் இங்கே தினசரி விஷயம்.

1.5 டன் ஏற்றும் வண்டிகளில் சில இந்த 3,000 கிலோ கோட்டுக்குள்ளேயே வரும். 2 டன் ஏற்றும் வண்டிகள் தாண்டிவிடும். பிராண்டை மாற்றும்போது "இதே விலைக்கு அரை டன் கூட ஏத்தலாம்" என்று ஷோரூமில் சொன்னால், பர்மிட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சாலை வரி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை ஷோரூமில் மட்டும் கேட்காமல் ஆர்டிஓ அலுவலகத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன ஆறுதல். சரக்கு வண்டிகளுக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் 7,500 கிலோ வரை ஒரே பிரிவுதான். 2.9 டன் வண்டியாக இருந்தாலும் 3.5 டன் வண்டியாக இருந்தாலும் அந்தத் தொகை மாறாது.

டிரைவர் லைசென்ஸ் போதுமா?

பெரிய வண்டிக்கு மாறினால் புது லைசென்ஸ் வேண்டுமா என்ற பயம் பலருக்கு உண்டு. 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அங்கீகாரம் தேவையில்லை. விபத்துக்குப் பிறகு "டிரைவருக்கு சரியான லைசென்ஸ் இல்லை" என்று கிளெய்ம் இழுத்தடிக்கப்படும் சிக்கல் இதனால் குறைந்திருக்கிறது. இங்கே பேசும் எல்லா பிக்-அப்களும் இந்த வரம்புக்குள் வருபவைதான்.

பின்னால் டிரெய்லர் மாட்டலாமா?

படகு, ஜெனரேட்டர், கான்கிரீட் மிக்சர் என்று எதையாவது இழுத்துப் போக வேண்டிய தேவை சிலருக்கு இருக்கும். இதில் மூன்று விஷயம் முக்கியம்.

1. வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும் கொக்கி, வண்டி பழுதாகி நின்றால் கட்டி இழுக்க மட்டுமே. தினமும் டிரெய்லர் இழுக்க அது செய்யப்பட்டதில்லை.
2. டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். பட்டறையில் வெல்டு செய்து மாட்டிக்கொண்டு ரோட்டில் போக முடியாது.
3. எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்க வேண்டும். அதில் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "இழுக்கும் சார், நம்பி வாங்குங்க" என்ற வாய்வார்த்தை விபத்து நடந்தால் உதவாது.

பழுதான வண்டிகளை எடுத்துவரும் ரெக்கவரி தொழில் செய்பவர்களுக்கு, கயிறு கட்டி இழுப்பதைவிட வண்டியையே மேலே ஏற்றும் படுக்கை பாடிதான் பாதுகாப்பு. அப்படி பாடி கட்டினால் அதையும் ஆர்சியில் பதிய வேண்டும்.

பிஎஸ்-6 டீசல்: உங்கள் ரூட் முக்கியம்

2020 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வண்டியை விட்டுவிட்டு இப்போது புதுசு வாங்குபவர்களுக்கு, பிராண்ட் மாறுவதைவிடப் பெரிய மாற்றம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது.

இந்த வண்டிகளில் புகையில் வரும் கரித்தூளைப் பிடிக்க ஃபில்டர் இருக்கும். நிறைந்ததும் அந்தக் கரியை வண்டியே சூடாக்கி எரித்துவிடும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல், ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். தட்டாஞ்சாவடியில் கிளம்பி, இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் நின்று, நேரு வீதியில் நகர்ந்து, பத்து கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபில்டர் அடைத்து மீட்டரில் லைட் எரியும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் செலவு பெரிதாகும்.

சில மாடல்களில் இதோடு 'டெஃப்' எனப்படும் யூரியா கரைசலும் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். சிலவற்றில் வேண்டாம். பழைய வண்டியில் இது இல்லாமல் இருந்து, புதுசில் இருந்தால் டிரைவருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

முழுக்க முழுக்க நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால், டீசல்தான் வேண்டுமா, சிஎன்ஜி அல்லது பேட்டரி வண்டி போதுமா என்று முதலில் யோசிப்பது நல்லது. தினமும் சென்னை, விழுப்புரம் என்று ஓடுபவர்களுக்கு டீசல் இன்னும் வசதிதான். தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதும் ஒரு காரணம்.

மைலேஜா, சர்வீஸா? எது பெரிசு?

பிராண்ட் மாற்றுபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் மைலேஜ். ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி. பழைய பிராண்ட் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது, புதுசு 14 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு சுமார் 167 லிட்டர், புதுசுக்கு 143 லிட்டர். மிச்சம் 24 லிட்டர். லிட்டர் 85 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 2,000 ரூபாய் மிச்சம்.

இப்போது இன்னொரு பக்கம். ஒரு சின்ன சென்சார் ஸ்டாக் இல்லை என்று வண்டி மூன்று நாள் சர்வீஸ் சென்டரில் நின்றால்? அந்த மூன்று நாளும் வாடகை வண்டி பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்றாலும் 7,500 ரூபாய். கிட்டத்தட்ட நான்கு மாத மைலேஜ் மிச்சம் மூன்றே நாளில் காலி. சரக்கு நேரத்துக்குப் போகாமல் கஸ்டமர் கைவிட்டுப் போனால் அந்தக் கணக்கு தனி.

அதனால் ஷோரூம் எவ்வளவு பக்கம் என்பதைவிட, சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் உடனே கிடைக்கிறதா என்பதே பெரிய கேள்வி. முன்பணம் கட்டும் முன் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

* சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், காத்திருக்கும் வண்டிக்காரர்களிடம் "எத்தனை நாளா நிக்குது?" என்று கேட்கவும்.
* கிளட்ச் பிளேட், இன்ஜெக்டர், சென்சார் ஆகியவற்றின் விலையையும் ஸ்டாக் இருப்பையும் பார்ட்ஸ் கவுன்டரில் விசாரிக்கவும்.
* நீங்கள் போகும் ரூட்டில், கடலூர், விழுப்புரம், காரைக்காலில் சர்வீஸ் இருக்கிறதா என்று பார்க்கவும்.
* வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் அந்த பிராண்டின் பிஎஸ்-6 வண்டிக்கு ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்கவும். இப்போதெல்லாம் ஸ்கேனர் இல்லாமல் பாதி வேலை நடக்காது.

ஒரு வண்டிக்காரரும் ஐந்து வண்டிக்காரரும் ஒன்றல்ல

ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் பிராண்டை மாற்றுவது ஓரளவு எளிது. பழைய வண்டியோடு பழைய கணக்கும் முடிந்துவிடும்.

நான்கைந்து வண்டி வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. எல்லாம் ஒரே பிராண்ட் என்றால் ஃபில்டரும் பெல்ட்டும் ஒரே வகையில் வாங்கி வைக்கலாம். எந்த டிரைவரும் எந்த வண்டியையும் எடுக்கலாம். மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்பேர் இரண்டு வகை ஆகும். ஆனாலும் ஒரே கம்பெனியை நம்பி எல்லா வண்டியும் இருந்தால், அங்கே பார்ட்ஸ் தட்டுப்பாடு வந்தால் மொத்தமும் நிற்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒரு வண்டியை மட்டும் புதுசில் எடுத்து ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பான வழி.

கடல் காற்றையும் கணக்கில் எடுக்கவும்

புதுச்சேரி வண்டிகளுக்குத் தனி எதிரி உப்புக் காற்று. கதவின் அடிப்பக்கம், தொட்டியின் மூலைகள், சேஸியின் வெல்டிங் எல்லாம் துரு பிடிக்கும். புது வண்டி பார்க்கும்போது கீழே குனிந்து பார்ப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. அதே பிராண்டில் ஐந்து வருஷம் ஓடின வண்டி பக்கத்தில் இருந்தால் அதன் அடிப்பகுதியைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

லோடோடு டெஸ்ட் டிரைவ்: இதுதான் கடைசிப் பரீட்சை

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்கினால் ஒன்றும் தெரியாது. எல்லா வண்டியும் காலியாக நன்றாகத்தான் ஓடும். டெமோ வண்டியில் உங்கள் வழக்கமான லோடை ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்தான்.

அரும்பார்த்தபுரம் மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் போக்குவரத்து இல்லாத நேரத்தில் மெதுவாக ஏறும்போது, இன்ஜின் திணறுகிறதா, கிளட்ச் நாற்றம் வருகிறதா என்று கவனிக்கவும். இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கவும். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் முக்கியம். தினமும் ஓட்டப் போகும் டிரைவரையே ஓட்ட வைக்கவும். நாள் முழுக்க உட்காரப் போவது அவர்தான். 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில்தான் 2025 முதல் கேபின் ஏசி கட்டாயம். சின்ன பிக்-அப்களில் அது மாடலைப் பொறுத்தது.

பழைய வண்டியை விற்கும்போது

பிராண்ட் மாற்றும்போது புது ஷோரூம்காரர் பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை சொல்வார். அதை மட்டும் நம்பாமல் வெளியேயும் விலை கேட்கவும்.

* பிஒய் பதிவு வண்டியை தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் ஆர்டிஓவில் தடையின்மைச் சான்று வேண்டும். அங்கே வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவை அவர் விலையில் குறைத்துத்தான் கேட்பார்.
* கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து, ஆர்சியில் இருக்கும் ஃபைனான்ஸ் பெயரை நீக்கவும்.
* படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் முடிந்ததா என்று உறுதி செய்யவும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.
* கிளெய்ம் எடுக்காமல் ஓட்டியிருந்தால் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ், வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். அதிகபட்சம் 50% வரை இருக்கும். பிராண்ட் மாறினாலும் அதைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி-யிலும் ஒரு லாபம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழில் நிறுவனங்கள் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. பில் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். வண்டியை புக் செய்யும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

அப்படியானால் மாறலாமா, வேண்டாமா?

பழைய பிராண்டில் உங்கள் லோடுக்கு ஏற்ற மாடலே இல்லை என்றாலோ, சர்வீஸில் தொடர்ந்து நாட்கள் வீணாகிறது என்றாலோ மாறுவதில் தப்பில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர் வாங்கிவிட்டார், ஷோரூமில் 20,000 ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள் என்பதற்காக மட்டும் மாறினால், அந்தத் தள்ளுபடி முதல் வருஷமே கரைந்துவிடும்.

லோடு எடை, பர்மிட் கோடு, ரூட், பார்ட்ஸ். இந்த நான்கையும் ஒரு பேப்பரில் எழுதி, பழைய பிராண்டுக்கும் புது பிராண்டுக்கும் நேர் நேராகப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் வண்டி குறைந்த நாள் நிற்கும் என்று தெரிகிறதோ, அந்தப் பக்கம் போகலாம்.